கால் நனைக்க முடியாத குளம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சரை மணிக்கு, கோவை உக்கடம் பெரியகுளத்துக் கரைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். வண்டி நிறுத்த இடம் கிடைத்தால் அன்றைக்கு உங்களுக்கு யோகம். மேற்கே மலை மேல் சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் தகதகவென்று மின்னும். பெஞ்சுகளில் இடம் இருக்காது. ட்ராக் பேன்ட் போட்ட மாமாக்கள் கையை வீசி வீசி நடப்பார்கள். காலேஜ் பசங்கள் செல்போனை நீட்டிப் பிடித்து பல்லைக் காட்டுவார்கள். வெளியே தள்ளுவண்டியில் காளான் கொதிக்கிற வாசம். நம்ம ஊருக்கு இப்படி ஒரு இடம் வந்துவிட்டதே என்று மனசு நிறையும். எனக்கும் நிறைந்தது. மறைக்க மாட்டேன்.

அப்புறம்தான் அந்தக் குழந்தையைப் பார்த்தேன். நாலு வயசு இருக்கும். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தது. "அப்புச்சி, எறங்கிக் கால் நனைச்சுக்கட்டுமா?" என்றது. அப்புச்சி பதறிப்போனார். "வேண்டாஞ் சாமி! சாக்கடைத் தண்ணி அது. சொறி புடிச்சுக்கும். வா, ஐஸ்கிரீம் வாங்கித் தாறேன்." குழந்தை ஐஸ்கிரீமுக்குச் சமாதானம் ஆகிவிட்டது. நான் ஆகவில்லை. பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். "நாங்கெல்லாம் சின்ன வயசுல இதுலதானுங்க நீச்சல் பழகுனது. எருமையக் கழுவிட்டு அதோட சேந்து நாமளும் முங்கி எந்திரிச்சு வர்றது" என்றார். அவர் மூஞ்சியில் இருந்தது சிரிப்பா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இந்த வாரம் நான் உங்களிடம் கேட்கப்போவதும் அந்தக் குழந்தை கேட்ட கேள்விதான். இத்தனை கோடி கொட்டி, கல் பாவி, விளக்குப் போட்டு, 'ஐ லவ் கோவை' என்று ஆள் உயர எழுத்து வைத்து, இதயம் வரைந்து... எல்லாம் செய்தோமே, அந்தக் குளத்தில் கால் நனைக்க முடியுமா?

அவசரப்பட்டு என்னைப் பொழுதுபோக்குக்கு விரோதி என்று முத்திரை குத்திவிடாதீர்கள். கோயமுத்தூர்க்காரனுக்கு வெளியே போய் உட்கார இடம் வேண்டும் என்பதில் என்னைவிடப் பிடிவாதக்காரன் கிடையாது. நமக்குக் கடல் இல்லை. சென்னைக்காரன் பத்து பைசா செலவில்லாமல் மெரினாவில் போய் உட்கார்ந்துவிட்டு வருவான். நமக்கு என்ன இருந்தது? வ.உ.சி. பூங்கா, காந்தி பார்க், காலையில் நடக்க ரேஸ்கோர்ஸ். லீவு விட்டால் ஊட்டி, ஆழியாறு, கோவைக் குற்றாலம். அதற்குக் கார் வேண்டும், இல்லாவிட்டால் பஸ்ஸில் அடிபிடி வேண்டும். பின்னே மால்கள் வந்தன. ஏசிக் காற்று வாங்கி, எதையும் வாங்காமல் திரும்பி வருவதற்குக்கூட நல்ல சட்டையும் கொஞ்சம் தைரியமும் தேவைப்பட்ட இடங்கள். மில்லில் ஷிப்ட் முடிந்தவரும், லேத் பட்டறையில் எண்ணெய்க் கையோடு நிற்பவரும் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவார்கள்? குளக்கரைதான் அவர்களுடைய மெரினா. சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது உக்கடம். 1997 நவம்பர் கலவரமும் 1998 பிப்ரவரி 14 குண்டு வெடிப்புகளும் இந்த ஊரை எப்படிக் கூறு போட்டன என்பது நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தெரியும். சில தெருக்களுக்குச் சிலர் போக மாட்டார்கள், சில கடைகளில் சிலர் சாமான் வாங்க மாட்டார்கள் என்று எழுதப்படாத சட்டம் எத்தனை காலம் இருந்தது! 2022 அக்டோபரில் கோட்டை ஈஸ்வரன் கோயில் வாசலில் கார் வெடித்தபோது அந்தப் பழைய பயம் மறுபடி ஒரு தடவை எட்டிப் பார்த்தது. அப்படிப்பட்ட ஊரில், கோட்டைமேட்டிலிருந்து புர்கா போட்டு வந்த அம்மாவும் செல்வபுரத்திலிருந்து மல்லிகைப்பூ வைத்து வந்த அம்மாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருத்தர் குழந்தைக்கு இன்னொருத்தர் முறுக்கு உடைத்துக் கொடுக்கிற காட்சியை நான் பார்த்தது இந்தக் கரையில்தான். இதற்காகவே எத்தனை கோடி செலவழித்தாலும் தகும் என்று சொல்லத் தயார். எந்த அமைதிக் கமிட்டியும் செய்யாததை ஒரு பெஞ்சு செய்கிறது.

ஆகவே, கரை வந்தது நல்லது. என் சண்டை கரையோடு இல்லை. கரையைச் செய்துவிட்டுக் குளத்தைச் செய்துவிட்டதாக நம்மை நம்ப வைத்தார்களே, அதோடுதான். நாமும் நம்பிவிட்டோமே, அதோடுதான்.

குளம் என்றால் நம்ம ஊரில் என்ன அர்த்தம் என்று கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வெள்ளிங்கிரி மலையில் பிறக்கிற நொய்யல், வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மழைக்கு வரும், போய்விடும். வருகிற அந்தச் சில வாரத் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் சித்திரைச்சாவடியில் தொடங்கி அணைக்கட்டுகள். அணைக்கட்டிலிருந்து வாய்க்கால், வாய்க்காலில் கோர்த்த மணி மாதிரி குளங்கள். நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்கிற குமாரசாமி குளம், செல்வசிந்தாமணி, பெரியகுளம், வாலாங்குளம், தெற்கே குறிச்சி, கிழக்கே சிங்காநல்லூர். ஒன்று நிரம்பினால் மிச்சம் அடுத்ததற்கு. கொங்குச் சோழர் காலத்து வேலை என்பார்கள். யார் வெட்டியிருந்தாலும் கும்பிட வேண்டிய கை.

இந்தக் குளங்களில் பொழுதுபோக்கு இல்லையா என்ன? மடை திறக்கிற ஆள், துணி வெளுக்கிறவர், பரிசலில் வலை போடுகிறவர், மாடு குளிப்பாட்டுகிறவர், முளைப்பாரி கரைக்க வருகிற பெண்கள், திருட்டுத்தனமாகத் தூண்டில் போடுகிற பள்ளிக்கூடப் பையன்... எல்லாரும் அங்கேதான் சந்தித்துக்கொண்டார்கள். ஊர்ச் செய்தி கரையில்தான் பரிமாறப்பட்டது. கல்யாணப் பேச்சு தொடங்கியது, வாய்க்கால் தகராறு முடிந்தது. ஆளுக்கொரு வேலை இருந்தது, வேலைக்கு நடுவே பேச்சு இருந்தது. டிக்கெட் மட்டும் இல்லை. (யோக்கியமாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். யார் எந்தத் துறையில் இறங்கலாம் என்பதில் அந்தக் காலத்துச் சாதிக் கணக்கு ரொம்பக் கறாராக இருந்தது. அந்தக் காலமெல்லாம் பொற்காலம் என்று நான் கதை விடப்போவதில்லை. இன்றைய பெஞ்சு அந்த விஷயத்தில் பழைய படித்துறையைவிட எவ்வளவோ மேல்.)

பின்பு நகரம் வளர்ந்தது. குளத்துக்குக் கீழே இருந்த வயல் சைட் ஆனது. சைட் வீடானது. வீட்டுக்குக் கக்கூஸ் வேண்டுமே, கக்கூஸ் தண்ணீர் எங்கே போகும்? பள்ளத்தைத் தேடித்தான் போகும். மழைத் தண்ணீர் வர வேண்டிய வாய்க்காலில் நம்முடைய தண்ணீர் வர ஆரம்பித்தது. விவசாயி போனதும் குளத்துக்குச் சொந்தக்காரன் போய்விட்டான். மடை அடைத்திருக்கிறதா, வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா என்று கேட்க ஆள் இல்லை. வறட்சியில் ஊர் தவித்த 2003-ல் 'சிறுதுளி' அமைப்பு தொடங்கியபோதுதான் குளம் என்று ஒன்று இருப்பதே நகரத்தில் பாதிப் பேருக்கு ஞாபகம் வந்தது. 2013 கோடையில் பெரியகுளம் வறண்டு கிடந்தபோது நடந்ததை நீங்கள் மறந்திருக்க முடியாது. மாணவர்கள், கம்பெனிக்காரர்கள், இல்லத்தரசிகள், ரிட்டயர் ஆனவர்கள் என்று ஆயிரக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கி, சட்டியும் மண்வெட்டியுமாக வண்டல் அள்ளினார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. என்னைக் கேட்டால், இந்த ஊரின் மிகப் பெரிய 'அவுட்டோர் பொழுதுபோக்கு' அதுதான். வெயிலில் சேறு அப்பிக்கொண்டு, முன்பின் தெரியாதவரோடு சட்டி மாற்றிக்கொண்டு, மத்தியானம் மோர் குடித்துக்கொண்டு... அன்றைக்குக் குளத்துக்குள் எல்லாருடைய காலும் இருந்தது.

அப்புறம் வந்தது ஸ்மார்ட் சிட்டி. 2015 ஜூனில் மத்திய அரசு திட்டத்தை அறிவித்தது. 2016 ஜனவரியில் வெளிவந்த முதல் இருபது நகரங்களின் பட்டியலிலேயே கோவை இடம் பிடித்தது. ஏழு குளங்களின் கரைகளை அழகுபடுத்துவது கோவையின் பெரிய வேலை ஆயிற்று. 2025 மார்ச்சோடு அந்தத் திட்டமே கணக்கு முடிந்துவிட்டது. ஆகவே, தாராளமாகக் கணக்குக் கேட்கலாம்.

கரை அகலமானது. நடைபாதை, சைக்கிள் பாதை, விளையாட்டுத் திடல், மேடை, கடைகள் வந்தன. படகுச் சவாரி வந்தது. கம்பியில் தொங்கி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பறக்கிற 'ஜிப் லைன்' வந்தது. குறிச்சிக் குளத்தில் தமிழ் எழுத்துகளாலேயே செய்த வள்ளுவர் வந்தார். நீரின்றி உலகமே அமையாது என்றவருக்கு முன்னால் இருக்கிற நீர் எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்க முடியாது. நல்லவேளை, சிலைக்கு மூக்கு வேலை செய்யாது.

நமக்கு வேலை செய்கிறது. காற்று திரும்பி அடிக்கிற சாயங்காலங்களில் வாலாங்குளத்துக் கரையில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஆகாயத்தாமரை மண்டும், வண்டி வைத்து அள்ளுவார்கள், மறுபடி மண்டும். மீன் செத்து மிதந்தது என்று பத்திரிகையில் ஒரு மூலையில் செய்தி வரும். ஆகாயத்தாமரை வியாதி இல்லை சார், அது வியாதியின் அறிகுறி. சாக்கடையில் இருக்கிற சத்தைத் தின்று அது கொழிக்கிறது. சாக்கடையை நிறுத்தாமல் தாமரையை அள்ளுவது, காய்ச்சல்காரனுக்கு வேர்வையைத் துடைத்துவிட்டு குணமாகிவிட்டது என்பது போல.

'சுத்திகரிப்பு நிலையமும் திட்டத்தில் இருந்ததே' என்று அதிகாரிகள் சொல்வார்கள். இருந்தது. இல்லை என்று நான் சொல்லவில்லை. எது முதலில், எது பெரிதாக, எது போட்டோவுக்கு என்பதுதான் கேள்வி. குறிச்சி, குனியமுத்தூர் பகுதிகள் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தன. அங்கே பாதாளச் சாக்கடைக்குத் தெருத் தெருவாகத் தோண்டிக்கொண்டிருந்த காலத்திலேயே குளக்கரைக்குக் கல் பாவும் வேலையும் நடந்தது. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே மொட்டை மாடியில் சீரியல் லைட் கட்டிய கதை. ஒரு அரசியல்வாதி பாதாளச் சாக்கடைக் குழாய்க்குப் பக்கத்தில் நின்று ரிப்பன் வெட்ட மாட்டார். வெட்டினாலும் நீங்களும் நானும் கை தட்ட மாட்டோம். தப்பில் பாதி நம்முடையது.

இது கோவையின் தனிக் கூத்து என்று நினைக்காதீர்கள். ஊட்டி ஏரியில் நீங்கள் பெடல் படகு ஓட்டியிருப்பீர்கள், குழந்தைகளோடு போட்டோ எடுத்திருப்பீர்கள். கோடப்பமந்து கால்வாய் ஊட்டியின் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு வந்து அதே ஏரியில்தான் சேர்கிறது. ஜான் சல்லிவன் 1820-களில் உண்டாக்கிய ஏரியில் இரண்டு நூற்றாண்டு கழித்து நாம் சாக்கடை மேல் சவாரி போகிறோம், காசு கொடுத்து. ஹைதராபாத் உசேன் சாகரைச் சுற்றி 'நெக்லஸ் ரோடு' போட்டார்கள். கழுத்துக்கு நெக்லஸ் மாட்டினார்கள், குளிப்பாட்டத்தான் யாருக்கும் நேரமில்லை. பெங்களூரு பெல்லந்தூர் ஏரி 2017-ல் தீப்பிடித்தே எரிந்தது. தண்ணீர் எரிந்த அதிசயத்தைப் பார்த்த ஐ.டி. நகரம் அது. சுற்றிலும் 'லேக் வியூ' அபார்ட்மென்ட்டுகள்.

அந்த 'லேக் வியூ' வார்த்தையையும் கொஞ்சம் கவனியுங்கள். கோவையில் ஏரி என்று யாரும் சொன்னதில்லை, குளம்தான். குளத்தில் இறங்குவோம், குளிப்போம், குளத்துக்குப் போவோம். இப்போது அது 'லேக்' ஆகிவிட்டது. லேக்கைப் பார்க்க மட்டும்தான் முடியும். எட்டாவது மாடி பால்கனியிலிருந்து பார்த்தால் நாற்றமும் எட்டாது. சதுர அடிக்கு விலை கூடும்.

சரி, உலகத்தில் வேறு மாதிரி யாராவது செய்திருக்கிறார்களா? பாரிஸ் நகரத்தில் ஓடுகிற சீன் நதியில் குளிக்க 1923-லிருந்து தடை. 2024 ஒலிம்பிக்கைச் சாக்கிட்டு, பணத்தைக் கரையில் கொட்டாமல் கழிவுநீர்த் தொட்டியிலும் குழாயிலும் கொட்டினார்கள். 2025 ஜூலையில் பொதுமக்கள் நதியில் இறங்கி நீந்தினார்கள். நூறு வருஷத் தடை நீங்கியது. மழை கொட்டினால் இன்னமும் சில நாள் மூடிவிடுகிறார்கள், ஆனால் மூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டு மூடுகிறார்கள். சுவிட்சர்லாந்திலும் 1960-களில் பல ஏரிகள் நாறிக் கிடந்தன. சுத்திகரிப்பை முடித்தார்கள். இன்றைக்கு ஜூரிக்கில் ஆபீஸ் முடிந்து பையைக் கரையில் வைத்துவிட்டு ஆற்றில் குதிக்கிறார்கள். அதே சுவிட்சர்லாந்தின் உதவியோடுதான் நம்ம பெரியகுளத்தில் மிதக்கும் சோலார் தகடுகள் வந்தன. தகட்டை வாங்கினோம், பாடத்தை வாங்க மறந்துவிட்டோம்.

இனி அடுத்த விஷயத்துக்கு வருகிறேன். இது கொஞ்சம் கசக்கும்.

நீங்கள் இன்று நடக்கிற கரையில் முன்பு வீடுகள் இருந்தன. முத்தண்ணன் குளத்துக் கரையில் ஆயிரக்கணக்கான பேர் தலைமுறை கணக்கில் குடியிருந்தார்கள். கரண்ட் பில் கட்டினார்கள், ரேஷன் கார்டு வைத்திருந்தார்கள், தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுப் போட்டார்கள். ஓட்டு வாங்கும்போது அவர்கள் வாக்காளப் பெருமக்கள். 2020-ஐ ஒட்டிய வருஷங்களில் பொக்லைன் வந்தபோது ஆக்கிரமிப்பாளர்கள். கரைகளிலிருந்து எடுக்கப்பட்டவர்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர் என்று. வீடு கொடுத்தார்களே என்பீர்கள். கொடுத்தார்கள். குளக்கரையில் வெள்ள பயத்தோடும் கொசுவோடும் குடியிருப்பது நல்லது என்று நான் வாதாடவில்லை. காங்கிரீட் வீட்டுக்குச் சந்தோஷமாகப் போனவர்களும் உண்டு. ஆனால் முத்தண்ணன் குளத்திலிருந்து ஆர்.எஸ். புரத்துக்கு நடந்து போய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் திரும்பிவிடுகிற ஒரு அம்மா, கீரணத்தத்திலிருந்து எத்தனை பஸ் மாறி வருவார்? பூ மார்க்கெட்டுக்கு விடிகாலை மூணு மணிக்குப் போகிறவருக்கு மலுமிச்சம்பட்டியிலிருந்து எந்த பஸ்? வெள்ளலூர் என்றால் உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது? குப்பைக் கிடங்கு. 2024 ஏப்ரலில் நாள் கணக்கில் புகைந்துகொண்டிருந்ததே, அதுதான். குளக்காற்றை நமக்கு எடுத்துக்கொண்டோம், குப்பைப் புகையை அவர்களுக்குக் கொடுத்தோம்.

2007-ல் தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்புகளை அகற்ற ஒரு சட்டமே வந்தது. நல்ல சட்டம். ஆனால் ஆக்கிரமிப்பு என்பது யார் செய்வது? ஓலைக் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. வாலாங்குளத்துக்கு நடுவே சுங்கம் பைபாஸ் சாலை போகிறதே, அது வளர்ச்சி. குளத்தின் மடியில் கடை, மேடை, காங்கிரீட் நடைபாதை கட்டினால் அது அழகுபடுத்துதல். தண்ணீருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தன் இடத்தில் கல் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் 2017-ஆம் வருஷத்து ஈரநில விதிகளில், ஈரநிலத்திலும் அதன் உச்ச வெள்ளக் கோட்டிலிருந்து ஐம்பது மீட்டருக்குள்ளும் நிரந்தரக் கட்டடம் கூடாது என்று இருக்கிறது. படித்ததும் கை தட்டத் தோன்றும். கொஞ்சம் மேலே போய் ஈரநிலம் என்றால் என்ன என்ற விளக்கத்தைப் படியுங்கள். பாசனத்துக்காக மனிதர்கள் அமைத்த நீர்நிலை அதில் சேராது. பொழுதுபோக்குக்காக அமைத்ததும் சேராது. ஆக, நம்ம குளத்துக்கு இரண்டு பக்கமும் கதவு அடைப்பு! பாசனத்துக்கு வெட்டியது என்பதால் பாதுகாப்பு இல்லை. அந்தப் பாசனமும் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. இனிமேல் பொழுதுபோக்கு இடம் என்று எழுதிக்கொண்டால் அப்போதும் பாதுகாப்பு இல்லை. கூழைக்கடாவுக்கு வக்கீல் வைக்க வசதி இல்லாததால் இந்த விஷயம் இப்படியே நிற்கிறது.

பறவை என்றதும் ஞாபகம் வருகிறது. கூழைக்கடா, நாமக்கோழி, முக்குளிப்பான், நீலத் தாழைக்கோழி, மஞ்சள் மூக்கு நாரை... நம்ம குளங்களில் இவையெல்லாம் வரும். கரையோரம் கோரையும் சேறும் இருந்தால்தான் தாழைக்கோழி கூடு கட்டும். செங்குத்தாகக் கல் சுவர் எழுப்பினால் அது எங்கே ஏறும், எங்கே இறங்கும்? ராத்திரி முழுக்க நீலமும் ரோஸும் பச்சையுமாக விளக்கு எரிந்தால் பறவை எப்போது தூங்கும்? உங்கள் பெட்ரூமில் விடிய விடிய சீரியல் செட் போட்டுப் பாருங்கள், மூணாம் நாள் நீங்களே வேறு ஊர் தேடுவீர்கள். சிங்காநல்லூர்க் குளத்தை 2017-ல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலம் என்று மாநகராட்சியே அறிவித்தது. அங்கே மண் பாதை இருக்கிறது, மரம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வந்து பூச்சியும் பறவையும் காட்டிய ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அந்தக் குளத்துக்கும் சாக்கடை வராமல் இல்லை. இருந்தாலும், காங்கிரீட் இல்லாமலும் மனிதர்கள் குளத்துக்கு வந்து சந்தோஷமாக இருக்க முடியும் என்பதற்குச் சாட்சி வெளியூரில் தேட வேண்டாம். திருச்சி ரோட்டில் பஸ் ஏறினால் போதும்.

'கட்டியாச்சுங்க, இனிப் பேசி என்ன பிரயோஜனம்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பிரயோஜனம் இருக்கிறது. கட்டியதை இடிக்கச் சொல்லவில்லை. பெஞ்சு இருக்கட்டும். முறுக்கு இருக்கட்டும். காளான் கண்டிப்பாக இருக்கட்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் தண்ணீர்ப் பக்கம் பார்க்கிற விளக்கை அணைக்கலாம், அதற்கு டெண்டர் வேண்டாம், ஸ்விட்ச் போதும். இன்னும் கல் பாவாத கரைகளில் மண் பாதையோடு நிறுத்திக்கொள்ளலாம். புதிதாக ஒரு ராட்டினம், ஒரு சிலை, ஒரு ஹோட்டல் என்று யாராவது பேச்சு எடுத்தால், முதலில் அந்தக் குளத்துக்குள் விழுகிற சாக்கடை வாய் எத்தனை, அதில் எத்தனை அடைத்தாயிற்று என்று வார்டு கவுன்சிலரிடம் எழுதிக் கேட்கலாம். பெயர் தெரியாத கவுன்சிலர் என்றால் இதுவே அவரை அறிமுகம் செய்துகொள்ள நல்ல சந்தர்ப்பம். படகு, ஜிப் லைன், கடை வாடகை என்று கரையில் வருகிற வருமானத்தில் ஒரு பங்கை, கரையிலிருந்து கிளப்பப்பட்டவர்கள் இருக்கிற குடியிருப்புகளுக்கு விடிகாலை பஸ்ஸுக்கு ஒதுக்கச் சொல்லலாம். கரையில் போடுகிற கடைகளில் முதல் உரிமை அவர்களுக்குத்தான் என்று சொல்லலாம். இருபது வருஷம் குடியிருந்த கரையில் ஒரு தள்ளுவண்டி போட அவர்களுக்கு இல்லாத பாத்தியதை வேறு யாருக்கு இருக்கிறது?

பரிசலில் மீன் பிடிக்கிறவர்களை அழகுக்கு இடைஞ்சல் என்று நினைக்காதீர்கள். இந்த மொத்தக் கூட்டத்தில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று தினமும் தொட்டுப் பார்க்கிறவர்கள் அவர்கள் மட்டும்தான்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிக்கிற நீருக்கு ஒரு அளவு வைத்திருக்கிறது. தண்ணீரில் இருக்கிற அழுக்கை மட்க வைக்கத் தேவைப்படுகிற ஆக்சிஜன், அதாவது பி.ஓ.டி., ஒரு லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கரைந்திருக்கிற ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. மலக்கழிவைக் காட்டிக்கொடுக்கிற கோலிபார்ம் கிருமி வகை 100 மில்லியில் 500-ஐத் தாண்டக் கூடாது. மூன்றே எண்கள். பெட்ரோல் பங்கில் தினம் விலை மாற்றி எழுதவில்லையா? அது மாதிரி ஒரு போர்டு. 'ஐ லவ் கோவை' எழுத்துகளுக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில், அதே விளக்கு வெளிச்சத்தில், வாரம் ஒரு தடவை பரிசோதித்து இந்த மூன்று எண்களையும் எழுதிப் போடட்டும். இருக்க வேண்டியது இவ்வளவு, இன்றைக்கு இருப்பது இவ்வளவு. செல்ஃபி எடுக்கிறவர்கள் அதையும் சேர்த்து எடுக்கட்டும், வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பட்டும்.

மாநகராட்சி அந்த போர்டை வைக்கிற வரைக்கும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போகும்போது உங்கள் வீட்டுக் குழந்தை கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டால், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து வாயை அடைக்காதீர்கள். ஏன் இறங்கக் கூடாது என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். அது சாக்கடை எங்கிருந்து வருகிறது என்று கேட்கும். நம்ம வீட்டிலிருந்துதான் கண்ணு என்று சொல்லுங்கள்.